ஊமை முனையில் விழுந்த அடி

டிரைவரம்மாவுக்குக் கை நீளம் என்று ஊரில் சொல்வார்கள். அதைக் கேட்டு யாரும் அவளைத் திருடி என்று நினைத்ததில்லை. அந்தக் கை நீண்டால் எதிரில் நிற்பவன் கன்னத்தில் போய்த்தான் முடியும் என்பது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி.

தேசியப் பூங்காவில் பச்சை பஸ் ஓட்டுவது அவள் வேலை. வெளியூர்க் கார்கள் வாசலோடு சரி. அதற்கு மேல் பூங்காவின் பஸ்ஸில்தான் ஏற வேண்டும். வாசலிலிருந்து பெரிய முனை வரை கொண்டை ஊசி வளைவுகளில் ஏறுவதும், அங்கே ஒரு கூட்டத்தைக் கொட்டிவிட்டு இன்னொரு கூட்டத்தை அள்ளிக்கொண்டு இறங்குவதுமாக அவளுக்குப் பொழுது போகும். பெரிய முனையில் கம்பி வேலி உண்டு, பைனாகுலர் உண்டு, ஐஸ்கிரீம் வண்டி உண்டு. வருகிறவர்கள் வேலியைப் பிடித்துக்கொண்டு "ஓ" என்று கத்துவார்கள். எதிர்மலை அதை வாங்கித் திருப்பிக் கத்தும். இந்த இரண்டு கத்தலையும் கேட்டுக் கேட்டே அவளுக்கு ஒரு காது மந்தமாகிவிட்டது என்று அவள் புருஷன் கேலி செய்வான்.

ஒரு மழை நாளில் குடித்துவிட்டு ஏறிய ஒருவன் கண்டக்டர் பெண்ணின் இடுப்பில் கை வைத்தான். அந்தப் பெண் அலறியதும் டிரைவரம்மா பிரேக்கை மிதித்தாள். பஸ் குலுங்கி நின்றது. அவள் எழுந்து வந்து, வாயைத் திறக்காமல், அவன் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து முகத்தைக் கம்பியில் மோதினாள். மூக்கு உடைந்து ரத்தம் சட்டையில் இறங்கியது. அவனை நடுக்காட்டில் மழையில் இறக்கிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்து வண்டியை எடுத்தாள். மற்றவர்கள் பெரிய முனை வரை கையை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த வாரம் மேலதிகாரி கூப்பிட்டு விசாரித்தார்.

"ஏம்மா, வாயால சொல்லிப் பாத்திருக்கக் கூடாதா?"

"சொன்னேன் சார்."

"எப்போ? அடிக்கறதுக்கு முன்னாடியா?"

"அடிச்சிட்டு."

அதிகாரி சிரிப்பை அடக்கிக்கொண்டு எச்சரிக்கை மட்டும் கொடுத்து அனுப்பினார்.

இந்தக் கை அவளுக்குச் சும்மா வந்ததில்லை. அப்பாவுக்கு லாரி ஓட்டும் வேலை. லோடு கிடைக்காத நாளில் அவர் வீட்டுக்கு வரும் செருப்புச் சத்தத்திலேயே அம்மாவுக்கு முகம் வெளுத்துவிடும். சோற்றில் உப்பு கூடினாலும் பெல்ட்தான், குறைந்தாலும் பெல்ட்தான். பக்கிள் பட்ட இடத்தில் தோல் கிழிந்து தொங்கும். அவளும் தங்கையும் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வார்கள். தங்கை சத்தம் வராமல் தன் கையையே கடித்துக்கொள்வாள். விடிந்து பார்த்தால் அந்தக் கையில் அவள் பல்வரிசை பதிந்திருக்கும்.

ஒரு நாள் அப்பா கட்டிலைப் புரட்டிப் போட்டுவிட்டுத் தங்கையைத் தலைமுடியோடு தூக்கினார். குழந்தையின் கால் தரையில் பாவவில்லை. பெரியவள் வெளியே ஓடினாள். லாரிப் பெட்டியிலிருந்து ஜாக்கிக் கம்பியை எடுத்துக்கொண்டு வந்து அவருடைய மணிக்கட்டில் ஓங்கி அடித்தாள். காய்ந்த விறகு முறிகிற மாதிரி ஒரு சத்தம். அவர் குழந்தையைப் போட்டுவிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மகளை ஏறிட்டுப் பார்த்தார். அந்தப் பார்வையில் முதல் தடவையாகப் பயம் இருந்தது.

அதற்குப் பிறகு அவள் வீட்டில் இருக்கும் நேரத்தில் அவர் கை ஓங்கியதில்லை. அவளும் ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். உலகத்தில் அடிக்கிறவர்கள் உண்டு, அடி வாங்குகிறவர்கள் உண்டு, இரண்டுக்கும் நடுவில் உட்கார ஒரு முக்காலி கூடக் கிடையாது. பள்ளிக்கூடத்தில் தங்கையைக் காலை இடறிவிட்டவனுக்குப் பல் போனது. குளியலறைக் கதவு இடுக்கில் எட்டிப் பார்த்த வீட்டுக்காரர் மகனுக்கு வெந்நீர் கிடைத்தது. தங்கை பங்குக்கும் சேர்த்து இவளே அடித்தாள். தங்கை முதுகுக்குப் பின்னால் நின்று பழகிக்கொண்டாள்.

பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்தவன் இவளைக் கட்டிக்கொண்டான். எறும்பு கடித்தாலும் ஊதிவிடும் ஆள். "உன்னக் கட்டிக்கிட்டதுல எனக்கு ஒரு லாபம். ஊர்ல ஒரு எதிரி கிடையாது" என்பான். அவன் மேல் மட்டும் அவள் கை பட்டதில்லை.

தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்ததும் டிரைவரம்மாதான். கறிக்கடைக்காரன். கத்தி பிடிக்கிற கையாக இருந்தாலும் பேச்சில் தேன் வடியும். வாடிக்கையாளர் வீட்டு நாய்க்குக் கூட நினைவாக எலும்பு ஒதுக்கிவைப்பான். அப்பாவைப் போல உறுமாத, குடிக்காத, குரலே உயர்த்தாத ஒருவன் தங்கைக்குக் கிடைத்தான் என்று அவளுக்கு மனசு நிறைந்துபோனது.

கடைக்கு மேலே வீடு. பின்பக்கத்து இரும்புப் படியில் ஏறிப் போக வேண்டும். கீழே மரக்கட்டையில் கத்தி விழும் ஒவ்வொரு வெட்டும் மேலே சமையலறைத் தரையில் அதிரும். கல்யாணமாகி ஒரு வருஷத்துக்குள் அந்தச் சமையலறை ஜன்னல் ஆணி அடித்து மூடப்பட்டது. காக்கை வருகிறது என்றான். வெயில் காலத்தில் தங்கை முழுக்கை ரவிக்கை போட்டாள். கொசு கடிக்கிறது என்றாள். உதடு வீங்கியிருந்தால் படியில் வழுக்கிவிட்டது. காது கிழிந்திருந்தால் கம்மல் மாட்டிக்கொண்டது.

ஒரு நாள் டிரைவரம்மாவுக்குப் பொறுக்கவில்லை. வேலை முடிந்து காக்கிச் சட்டையோடு நேராகக் கடைக்குப் போனாள். வாடிக்கையாளர்கள் வரிசையில் நிற்க, உள்ளே புகுந்து மாப்பிள்ளையின் கன்னத்தில் ஒன்று விட்டாள். "என் தங்கச்சி மேல இன்னொரு தடவ கை பட்டுச்சு, உன் கத்தியாலயே உன்னக் கூறு போட்டுருவேன்" என்றாள்.

அவன் கோபப்படவில்லை. கன்னத்தைத் தடவிக்கொண்டு, "அக்கா கைல அடி வாங்கறதுக்கும் ஒரு குடுப்பினை வேணும்" என்று வரிசையில் நின்றவர்களைப் பார்த்துச் சிரித்தான். அவர்களும் சிரித்தார்கள். டிரைவரம்மா கணக்கை முடித்துவிட்ட திருப்தியில் வீட்டுக்குப் போய் வயிறாரச் சாப்பிட்டுத் தூங்கினாள். அதன் பிறகு தங்கை முகத்தில் எந்தக் காயமும் தென்படவில்லை. மருந்து வேலை செய்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

பல மாதங்கள் கழித்து, டிரைவரம்மாவின் விடுமுறை நாள் ஒன்றில், தங்கை காலையிலேயே வந்து நின்றாள். கறிக்கடைக்காரன் ஆட்டுச் சந்தைக்குப் போயிருந்தான். போனால் சாயங்காலம்தான் திரும்புவான்.

"அக்கா, என்ன எங்கயாவது ஆள் இல்லாத இடத்துக்குக் கூட்டிட்டுப் போறியா?"

"இங்கயே பேசேன்டி. மாமா வேலைக்குப் போயிட்டாரு."

"இங்க வேண்டாம்க்கா."

ஆள் இல்லாத இடம் என்றால் அந்தப் பூங்காவில் ஊமை முனை ஒன்றுதான். பெரிய முனையைப் போலவே அதுவும் பள்ளத்தாக்கைப் பார்த்த பாறைதான், சொல்லப்போனால் பார்வைக்கு அதைவிட அழகு. ஆனால் எவ்வளவு கத்தினாலும் எதிரொலி வராது. எதிரே மலையே கிடையாது, வெறும் வெளி. கத்தல் போனது போனதுதான். பஸ் போகாது, வேலி கிடையாது, பலகை கிடையாது. வேலை செய்கிறவர்கள் மட்டும் எப்போதாவது போவார்கள்.

வாசலில் டிக்கெட் கிழிக்கிறவர், "என்ன, அக்காளும் தங்கச்சியும் ஜோடியா எங்க?" என்றார். "ஊமை முனைக்கு. அங்கதான் உங்க தொணதொணப்பு கேக்காது" என்றாள் டிரைவரம்மா. பாதி வழியில், காவலர் குடிசைக்குப் பக்கத்து வளைவில் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இருவரும் இறங்கினார்கள். அங்கிருந்து தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஓர் ஒற்றையடிப் பாதை காட்டுக்குள் நுழைகிறது.

முதலில் இறக்கம். வேர்கள் படிக்கட்டு மாதிரி குறுக்கே ஓடின. ஓடைக்கு மேலே விழுந்து கிடந்த மரம்தான் பாலம். அதன் பட்டை ஊறி வழுவழுவென்றிருந்தது. டிரைவரம்மா காய்ந்த கிளை ஒன்றை ஒடித்து ஊன்றிக்கொண்டாள். பஸ்ஸிலேயே உட்கார்ந்து பழகிய உடம்பு. ஏற்றம் ஆரம்பித்ததும் மூச்சு வாங்கியது. தங்கையோ கையில் கனமான துணிப்பையோடு விடுவிடுவென்று முன்னால் போனாள்.

"என்னடி இது, வீட்டையே மூட்டை கட்டித் தூக்கிட்டு வந்துட்டியா?"

தங்கை பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டு நடந்தாள். ஓர் இடத்தில் அட்டை காலில் ஏறியது. டிரைவரம்மா உட்கார்ந்து பிய்த்துப் போட்டுவிட்டு, தங்கை காலையும் பார்க்கலாம் என்று சேலையைக் கொஞ்சம் உயர்த்தினாள். தங்கை வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டாள். அதற்குள் பார்க்க வேண்டியதைப் பார்த்தாகிவிட்டது. கெண்டைக்காலில் வரிசையாகத் தழும்புகள், சூடான எதையோ வைத்து எடுத்த மாதிரி.

"என்னது?"

"மேல போய்ச் சொல்றேன்."

மரங்கள் விலகின. ஒரு பெரிய பாறை சாய்ந்து போய் வெளியில் முடிந்தது. கீழே பள்ளத்தாக்கு முழுக்கப் பச்சை, நடுவில் நூல் மாதிரி ஆறு. காற்று முகத்தில் அறைந்தது. வேறு சத்தம் இல்லை.

தங்கை பாறையில் உட்கார்ந்து, ரவிக்கைக் கையை மேலே சுருட்டினாள். பிறகு முதுகைக் காட்டினாள். பிறகு வாயைத் திறந்து உள்ளே கடைவாய்ப்பல் இருந்த இரண்டு இடங்களையும் விரலால் தொட்டுக் காட்டினாள். சூடு எப்படி வந்தது என்று மட்டும் சொன்னாள். கடையில் எலும்புத் துண்டுகளைத் தள்ளும் இரும்புத் தகட்டைக் கறிக்கடைக்காரன் அடுப்பில் காயவைத்துச் சூடு போட்டிருந்தான். எல்லாமே துணிக்கு உள்ளே மறைகிற இடங்கள்.

டிரைவரம்மா எழுந்தாள். இங்கும் அங்கும் நடந்தாள். அடிக்க ஆள் இல்லாமல் பக்கத்து மரத்தில் ஓங்கிக் குத்தினாள். முட்டி தெறித்து ரத்தம் வந்தது.

"கொன்னுடறேன். இப்பவே போறேன். சந்தையிலயே வச்சு அவன..."

"இதுக்குத்தான்க்கா உன்ன இவ்வளவு தூரம் கூட்டிட்டு வந்தேன். ஊருக்குள்ள சொல்லியிருந்தா நீ நேரா அங்கதான் போயிருப்ப."

"பின்ன? கொஞ்சச் சொல்றியா?"

தங்கை அக்காவை நேராகப் பார்த்தாள்.

"அன்னிக்குக் கடையில வந்து அறைஞ்ச இல்ல? நீ போனதும் அவர் கடைய அடைச்சாரு. ஷட்டர இறக்கிட்டு மேல வந்தாரு. சிரிச்சுக்கிட்டேதான் வந்தாரு. 'உங்க அக்கா குடுத்தத உங்கிட்டத் திருப்பிக் குடுக்கறேன், வட்டியும் முதலுமா' அப்படின்னாரு. இந்தப் பல்லு ரெண்டும் அன்னிக்குப் போனதுதான். முகத்துல அடிச்சா நீ பாப்பன்னு அதுக்கப்புறம் முகத்தத் தொடறதில்ல."

டிரைவரம்மா பாறையில் அப்படியே உட்கார்ந்தாள். அன்று இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொண்டு சாப்பிட்டது ஞாபகம் வந்தது.

"எனக்கு ஏன்டி சொல்லல?"

"சொன்னா மறுபடியும் அடிப்ப."

 பிறகு தங்கை மெதுவாகச் சொன்னாள். வெளியூரில் ஒரு பேக்கரியில் வேலை சொல்லிவைத்திருக்கிறாள். கூடப் படித்தவள் ஒருத்தி அங்கே இருக்கிறாள். இன்றைக்கே கிளம்புகிறாள். வீட்டுக்குத் திரும்பப் போவதில்லை. அக்கா செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று, சும்மா இருப்பது.

"சும்மாவா?"

"ஆமாம்க்கா. உன்னால முடியுமா?"

டிரைவரம்மா பதில் யோசித்துக்கொண்டிருக்கும்போதே பின்னால் சருகு நொறுங்கியது.

"அட, பிக்னிக்கா? ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானும் ரெண்டு ரொட்டி வாங்கிட்டு வந்திருப்பேன்ல அக்கா?"

கறிக்கடைக்காரன் மூச்சு வாங்க நின்றுகொண்டிருந்தான். சந்தை கூடாததால் சீக்கிரம் திரும்பியிருந்தான். அலமாரியில் தங்கையின் நல்ல துணிகள் இல்லை, அக்கா வீடும் பூட்டிக் கிடந்தது. மனைவியையும் அவள் அக்காவையும் பார்த்தீர்களா என்று பூங்கா வாசலில் வந்து அவன் இனிக்க இனிக்கக் கேட்டான். டிக்கெட் கிழிக்கிறவரும் கள்ளமில்லாமல் வழி சொல்லி அனுப்பியிருந்தார். அவன் இடுப்பில் சாக்குத் துணி சுற்றிய ஒன்று செருகியிருந்தது.

"கிளம்பு. நேரமாச்சு" என்றான் மனைவியிடம். குரல் உயரவே இல்லை.

"நான் வரல."

அவன் சிரித்தபடியே நெருங்கி அவள் தலைமுடியைப் பிடித்துச் சுழற்றினான். அவள் பாறையில் முகம் குப்புற விழுந்தாள். அப்படியே தரதரவென்று பாதைப்பக்கம் இழுத்தான். முழங்கால் தேய்ந்து பாறையில் சிவப்பாகக் கோடு விழுந்தது.

டிரைவரம்மாவின் கைத்தடி அவன் தோளில் இறங்கியது. அடித்த வேகத்தில் அந்தக் காய்ந்த கிளை இரண்டாக ஒடிந்தது. அவன் திரும்பினான். சாக்கு கீழே விழுந்தது. எலும்பு வெட்டும் அகலக் கத்தி அவன் கையில் இருந்தது.

"உன்னாலதான்டி எல்லாம். நாலு பேர் முன்னாடி என்ன அறைஞ்சவ நீ."

கத்தி வந்த வேகத்துக்கு அவள் இடக்கையை மேலே தூக்கினாள். வலி உடனே தெரியவில்லை. முழங்கைக்குக் கீழே சதை வாய் திறந்து, உள்ளே வெள்ளையாக என்னவோ தெரிந்தது. அதன் பிறகுதான் ரத்தம் பொங்கியது. அவள் வலக்கையால் அவன் கத்திக் கையைப் பிடித்துக்கொண்டு முழங்காலால் அடிவயிற்றில் குத்தினாள். அவன் அவள் காதைக் கடித்தான். இருவரும் கட்டிப் புரண்டார்கள். கத்தி தெறித்துப் போய்ப் பாறையில் கணீரென்று விழுந்தது. ஆனாலும் அவன் கை தினமும் எலும்பு உடைக்கிற கை. அவள் மார்பில் ஏறி உட்கார்ந்து கழுத்தை நெரித்தான். அவள் தலை பாறையின் விளிம்புக்கு வெளியே தொங்கியது. வானம் கீழேயும் ஆறு மேலேயும் தெரிந்தன. இடக்கை அசையவில்லை. வலக்கை அவன் முகத்தைப் பிறாண்டிப் பிறாண்டி ஓய்ந்தது.

ஓரக்கண்ணில் தங்கை தெரிந்தாள். கட்டிலுக்கு அடியில் படுத்திருந்தவள் எப்படிப் பார்ப்பாளோ அதே மாதிரி பார்த்துக்கொண்டு நின்றாள். கை வாய்க்குள் இருந்தது. 'ஓடுடி' என்று சொல்ல நினைத்தாள் டிரைவரம்மா. தொண்டையிலிருந்து காற்றுக் கூட வரவில்லை.

தங்கை வாயிலிருந்து கையை எடுத்தாள். குனிந்தாள். இரண்டு கையாலும் அள்ள வேண்டிய ஒரு கல்லைத் தூக்கினாள்.

முதல் அடி அவன் தோள்பட்டையில் விழுந்தது. அவன் ஆச்சரியத்தோடு திரும்பிப் பார்த்தான். அடுத்தது முகத்தில். கன்ன எலும்பு உள்ளே போனது. மறுபடியும் தூக்கிப் போட்டாள். ஒவ்வொரு அடிக்கும் அவள் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகையும் இல்லை, கத்தலும் இல்லை, இத்தனை வருஷமாக உள்ளே கிடந்த ஏதோ ஒன்று. அவன் அவள் பக்கம் திரும்பி எழுந்து, ரத்தத்தில் கண் தெரியாமல் கையைத் துழாவிக்கொண்டு, பின்பக்கம் ஒரு அடி வைத்தான். அங்கே பாறை இல்லை.

கிளைகள் முறியும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு முனகல். டிரைவரம்மா தவழ்ந்து போய் எட்டிப் பார்த்தாள். கொஞ்சம் கீழே பாறையில் முளைத்த ஒரு மரம் அவனைத் தாங்கிப் பிடித்திருந்தது. ஒரு கால் மடங்கக் கூடாத பக்கம் மடங்கியிருந்தது.

தங்கை தன் முந்தானையைக் கிழித்து அக்காவின் கையை இறுக்கிக் கட்டினாள். 

"விடு, போயிடலாம்" என்றாள் டிரைவரம்மா. குரல் அறுந்து அறுந்து வந்தது. "அவன் கத்தினாலும் இங்க யாருக்கும் கேக்காது. ராத்திரிக்குள்ள முடிஞ்சிடும்."

"இல்லக்கா. ஆள் கூப்பிடணும்."

"பாவம் பாக்கறியா அவனுக்கு?"

"பாவமா? இங்கயே செத்தா, எனக்குச் செஞ்சதெல்லாம் அவரோடயே போயிடும். ஊர்ல நல்லவருன்னு சொல்லிக் கண்ணீர் விடுவாங்க. உயிரோட வரணும். வந்து பதில் சொல்லணும்."

"சரி. ஆனா ஒண்ணு. நான்தான் அடிச்சேன்னு சொல்லிடறேன். என்னப் பத்தி ஊருக்கே தெரியும், ஒருத்தனும் மறுகேள்வி கேக்க மாட்டான். நீ எதையும் பாக்கல, புரிஞ்சுதா?"

தங்கை முடிச்சை இன்னொரு தடவை இறுக்கினாள்.

"எனக்காக நீ அடிச்சதெல்லாம் போதும்க்கா. இது நான் அடிச்சது. இத யாருக்கும் தர மாட்டேன்."

திரும்பும் பாதையில் தங்கை முன்னால் நடந்தாள். டிரைவரம்மா அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தாள், பிறகு தொங்கிக்கொண்டு, கடைசியில் ஓடைக்கருகில் கால் மடங்கி விழுந்துவிட்டாள். தங்கை அவளை முதுகில் சாய்த்து அந்த வழுக்கு மரத்தின் மேல் உட்கார்ந்தபடியே நகர்ந்து கடந்தாள். காவலர் குடிசையில் இருந்தவர் இருவரையும் பார்த்துவிட்டுக் கையிலிருந்த டம்ளரைக் கீழே போட்டார்.

கயிறு கட்டி அவனை மேலே ஏற்றினார்கள். உயிர் இருந்தது. இடக்கண் போய்விட்டது.

ஆஸ்பத்திரிக்கு வந்த இன்ஸ்பெக்டர் நேராக டிரைவரம்மா கட்டிலுக்குத்தான் போனார். "என்னம்மா, கடைசியில ஆளையே தள்ளி விட்டுட்டியா?"

"நான்தான் சார் அடிச்சேன்" என்றாள் பக்கத்தில் நின்ற தங்கை.

"நீ இரும்மா. அக்காதான சொல்லணும்?"

"அக்கா கழுத்த அவர் நெரிச்சிட்டிருந்தாரு. கல்லத் தூக்கினது நான். எத்தன தடவன்னு ஞாபகமில்ல, ஆனா நான்தான்."

இன்ஸ்பெக்டர் அக்காவைப் பார்த்தார். அக்கா மெல்லத் தலையசைத்தாள். அவரால் நம்ப முடியவில்லை. பெண் டாக்டர் தங்கையை உள்ளே அழைத்துப் போய்ச் சோதித்துவிட்டு வெளியே வந்து அவரிடம் எதையோ சொன்ன பிறகுதான் அவர் தொப்பியைக் கழற்றினார்.

வழக்கு இழுத்தது. அக்காளும் தங்கையும் சேர்ந்து தன்னைக் கொல்லத் திட்டமிட்டார்கள் என்று அவன் சொன்னான். அந்தக் காட்டுக்கு எலும்பு வெட்டும் கத்தியை எதற்கு எடுத்துப் போனாய் என்று நீதிபதி கேட்டார்.  தங்கையின் முதுகுத் தழும்புகளும் அந்தக் கடை இரும்புத் தகட்டின் அகலமும் பொருந்தின. உயிரைக் காக்க அடித்த அடி என்று தங்கையை விடுவித்தார்கள். அவன் சிறைக்குப் போனான். அவனுடைய வாடிக்கையாளர்களில் பாதிப் பேர், "அவ்வளவு தன்மையான மனுஷன்" என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

அவன் சிறைக்குப் போகுமுன், ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, டிரைவரம்மா ஒரு தடவை அவன் வார்டுக்குப் போனாள். எதற்குப் போனோம் என்று அவளுக்கே தெரியவில்லை. அவன் அம்மா குழாயில் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தாள். வாசலில் போலீஸ்காரர் நின்றார். அவன் ஒற்றைக் கண்ணால் அவளைப் பார்த்தான்.

"அவ அடிப்பான்னு நான் நெனைக்கவே இல்ல" என்றான், கட்டுக்குள்ளிருந்து.

"நானுந்தான்" என்றாள் அவள். வெளியே வந்துவிட்டாள்.

டாக்டர்கள் எவ்வளவு தைத்தும் அவள் இடக்கையின் மூன்று விரல்கள் மடங்கவில்லை. அந்தக் கையோடு மலைப்பாதையில் ஸ்டியரிங்கைத் திருப்ப முடியாது. பூங்காவில் அவளுக்கு டிப்போவில் வண்டிகள் போகவரப் பார்த்துக்கொள்ளும் வேலை கொடுத்தார்கள். முதல் நாளே டிக்கெட் கிழிக்கிறவர் எதிரே வந்து கண்கலங்கி, "எனக்குத் தெரியாமப் போச்சும்மா, அவன் அவ்வளவு மரியாதையாக் கேட்டான்" என்றார். அவள் வலக்கையால் அவரை ஓங்கி ஒரு அறை விட்டாள். அவர் வாங்கிக்கொண்டு நின்றார். அறைந்த பிறகு வழக்கமாக வரும் நிம்மதி அன்று வரவில்லை. அந்த மனிதரின் கன்னம் சிவந்ததுதான் மிச்சம். சாயங்காலம் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தாள். இருவரும் சேர்ந்து குடித்தார்கள்.

தங்கை பேக்கரி ஊருக்கே போய்விட்டாள். ஒற்றை அறை, ஒரு ஜன்னல், ஒரு ஸ்டவ். தன் வீட்டுக்கு வந்து இருக்கச் சொல்லி டிரைவரம்மா கெஞ்சிப் பார்த்தாள், திட்டிப் பார்த்தாள், மெக்கானிக்கை அனுப்பிப் பார்த்தாள்.

"உன்மேல கோவம் இல்லக்கா. கொஞ்ச நாள் யார் பின்னாடியும் நிக்காம இருந்து பாக்கறேன்" என்றாள் தங்கை.

அது டிரைவரம்மாவுக்குக் கத்தி வெட்டைவிட ஆழமாக இறங்கியது. சில வாரங்கள் போனில் கூடப் பேசவில்லை. "அவ சொன்னதுல என்ன தப்பு?" என்று கேட்ட மெக்கானிக் இரண்டு நாள் கடைச் சாப்பாடு சாப்பிட வேண்டியதாயிற்று.

பிறகு ஒரு மத்தியானம் தங்கையே கூப்பிட்டாள். மாவு மூட்டை இறக்குகிறவன் ஒருவன் வழியை மறித்துக்கொண்டு நின்று கண்டபடி பேசினானாம்.

"அடிச்சியா?" என்றாள் டிரைவரம்மா. உடம்பு தானாக நாற்காலி நுனிக்கு வந்திருந்தது.

"எதுக்கு? ஒதுங்குடான்னு சத்தம் போட்டேன். எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. ஒதுங்கிட்டான்."

"ஒதுங்கிட்டானா?"

"ம்."

"திரும்ப வந்தா?"

"வந்தா அப்போ பாத்துக்கலாம்க்கா."

டிப்போவில் ஒரு வண்டி ரிவர்ஸில் வந்துகொண்டிருந்தது. டிரைவரம்மா போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, நல்ல கையால் அந்த வண்டிக்கு வழி காட்டினாள். அதைச் சுவரில் தட்டாமல் நிறுத்தியதும், தங்கையிடம் வேறு என்ன கேட்பது என்று தெரியாமல், "சாப்பிட்டியா?" என்று கேட்டாள்.